கைக்கு அங்கால

கரடிப்போக்குச் சந்தி, நித்தியசீலன் கடை.
கண்ணாடி மேசையில் இரண்டு பார்களைக் கிடத்தினான்.
இரண்டும் இருபது இஞ்சி, இரண்டுக்கும் ஒரே செயின்.
பக்கத்து மரக்கறிக் கடையில் தராசு இரவல் வாங்கி
வெங்காயச் சருகை ஊதித் தள்ளிவிட்டு நிறுத்தான்.
நானூற்றிப் பத்துக் கிராம் வித்தியாசம்.
"இவ்வளவு மீன் வாங்கினா
ஒரு சட்டி குழம்புக்குக் காணாது.
இதுக்குப் போய்ப் பன்னிரண்டாயிரம் கூடக் குடுக்கப் போறீங்களோ?"

நான் தராசைப் பார்க்கவில்லை.
கொண்டுபோன மெசினில் ஒவ்வொன்றாய்ப் பூட்டி
முன்கைபிடியை ஒற்றை விரலில் தூக்கினேன்.
முழுத் தகடு மூக்கால் நிலத்தை மணந்தது.
மற்றது கொஞ்சம் யோசித்து
கிடையாக நின்றது.

கையில் இருக்கிற பாரம் பாரம்தான்.
கைக்கு அங்கால, ஒரு முழம் தள்ளி இருக்கிறதற்கு
காலையில் பெயர் கிடையாது.
பின்னேரம் மூன்று மணிக்கு, பதினோராவது மரத்தில்
அது தன் பெயரைச் சொல்லும்.

முகமாலையில் ஆறு வருசம்
கண்ணி தேடும் கருவியை இப்படித்தான் பிடித்திருந்தேன்,
முழங்கை விலாவோடு, வட்டு மண்ணுக்கு நாலு விரல் மேலே.
அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை
கருவி ஏன் இவ்வளவு இலேசு என்று.

"பொம்பிளையளுக்கு இலேசுதான் சுகம்" என்றார்
வாசலில் தேத்தண்ணியோடு நின்ற ஒருவர்.
மரக்காலைக்காரர்.
அவருடைய வலது தோளில் இருந்து
கடை முழுக்கச் சித்தாலேப மணம்.

நான் நித்தியசீலனிடம் கேட்டேன்:
"வளைஞ்சா?"

நல்ல பெடியன். பொய் சொல்லவில்லை.
இலேசுப் பாரை நகத்தால் தட்டினான்.
"உள்ளுக்குக் கோறை அக்கா.
நடுவைக் குடைஞ்சு அலுமினியம் நிரப்பியிருக்கு.
வளைஞ்சா வளைஞ்சதுதான்.
மற்றதெண்டா பட்டறையில வைச்சு
ரெண்டு தட்டுத் தட்டலாம்."

போன மாசியில் ஒலுமடுவில் ஒரு முதிரை.
பட்டையில் ஒரு வடு இல்லை,
குழந்தை முதுகு மாதிரி.
பாதி போனதும் செயின் அறுந்து
என் காற்சட்டையில் ஒரு கோடு போட்டது.
பிளந்து பார்த்தால் நடுவில் கடைவாய்ப்பல் அளவில் ஒன்று,
சுற்றிவர மை ஊறியதுபோல் கறுத்த மரம்.
கல்லென்று கலைமதி எறியப் போனாள்.
வாங்கி விளிம்பைத் தடவினேன்.
எண்பத்தொரு மில்லிமீற்றர்.
அதன்மேல் மரம் போட்டிருந்த வளையங்களை
அவள் எண்ணத் தொடங்கினாள்.
எண்ண வேண்டாம் என்றேன்.

அன்று வளைந்த முழுத் தகடுதான்
தட்டி நிமிர்த்தி இன்றைக்கும் ஓடுகிறது,
கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும்.

இலேசு பாரைத்தான் வாங்கினேன்.
பிரதேச செயலகப் பதிவுத்தாளையும்
கடை ரசீதையும் ஒரே பொலித்தீன் பையில் மடித்து வைத்தேன்.
பழையதைச் சாக்கில் சுற்றி
லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் போட்டேன்.
கலைமதி சிரித்தாள்:
"பாரம் குறைக்கவெண்டு போய்
இப்ப ரெண்டையும் காவுறம்."

அம்பகாமம் றோட்டு, மின்கம்பி போகப் போகிற பாதை.
வெள்ளை மையில் இலக்கம் போட்ட நாற்பத்தொரு மரங்கள்.
மூன்று மணி வந்தது. தோள் ஒன்றும் சொல்லவில்லை.
பதினொன்று, பன்னிரண்டு, பதினாறு.

பதினேழு, பாலை.
மரத்தூள் சிவப்பாய் வந்தது.
சிவப்பு, சிவப்பு,
பிறகு சாம்பல்.

விரலை எடுத்தேன்.
பார் மரத்துக்குள்ளேயே நின்றது.
"என்னக்கா, எண்ணெய் முடிஞ்சுதோ?"
"பொறு."
காதுமூடியைக் கழற்றினேன், ஏனென்று தெரியவில்லை.
மரம் 'பீப்' என்று கத்தாது.
எங்கோ ஒரு மரங்கொத்தி, தூரத்தில் யாழ்தேவி.

புதுப் பாரை மெல்ல, வந்த வழியே வெளியே எடுத்தேன்,
கீறல் இல்லை.
"சாக்கைக் கொண்டா" என்றேன்.
"பழைய செயினையும்."