இரண்டாம் பாகம்

முதலாம் பாகம் தொண்ணூற்றாறில் நடந்தது.
அப்ப இந்த ஹொட்டலுக்கு வேறு பெயர்.
இப்ப மேலே நீலம் பூசியிருக்கிறார்கள்.
மழை பெய்தால் பழைய எழுத்து
நனைந்த சட்டைக்குள் பெனியன்போலத் தெரியும்.

ஆட்கள் அதே ஆட்கள்.
சீலனுக்கு ஐம்பத்து நாலு. பதவி, ரூம் போய்.
றபாய்தீன் குசினியில்: இடியப்பம், ஓம்லெட், மூலவியாதி.
நான் இரவு ரிசெப்ஷன்.
சாவிகளையும் மற்றவர்களுடைய பொய்ப் பெயர்களையும்
இருபத்தெட்டு வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வாடை தொடங்கினால் டைக் வீதியில்
வெள்ளைக்காரர் இல்லை.
மணித்தியாலக் கணக்கில் வருகிற சோடிகளும்
குப்பைவாளி தேடி வருகிற மான்களும்தான்.
சோடி போனபின் சீலன் உள்ளே போவான்.
கட்டிலுக்கடியில் ஸ்ட்ரோபெரி மணக்கிற சாமானை
ஈர்க்கு விளக்குமாற்றால் இழுத்தெடுத்து
"ஒருத்தன் பழசலாட்டே போட்டிருக்கிறான் மச்சான்" என்பான்.
ஒரு கிழமைக்குச் சிரிக்க எங்களுக்கு அது காணும்.
சிரித்தால் அவனுக்கு மூத்திரம் முட்டும்.
போனால் தவணை தவணையாகத்தான் வரும்,
லீசிங் கட்டுகிற மாதிரி.

சுகிர்தமலர் குவைத்திலிருந்து வந்தாள்,
பதினொரு வருடத்துக்குப் பிறகு.
வீட்டில் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இரண்டு,
ஒரேயொரு மின்விசிறி.
ஏழாம் நம்பரைக் கொடுத்தோம்,
கொப்பியில் "திருத்த வேலை" என்று எழுதிவிட்டு.

முதலிரவும் இதே ஏழுதான்.
கலியாணம் முடிந்து வீட்டுக்குப் போக நேரமில்லை, ஊரடங்கு.
ஜெனரேட்டர் ஒன்பதுக்கு நின்றது.
பத்தேகாலுக்குக் கதவைத் தட்டினது நேவி.
சீலனிடம் ஐடென்டி கார்ட் இருந்தது,
சாரம் இல்லை.
டோர்ச் வெளிச்சம் முகத்துக்கும் போகாமல்
படத்துக்கும் போகாமல்
நடுவிலேயே நின்றதாம்.
ஒருத்தன் சிங்களத்தில் ஏதோ சொல்ல
மற்றவன் சிரித்தான். போய்விட்டார்கள்.
அந்த வருடங்களில்
எல்லாக் கதவிலும் அப்படிச் சிரிக்கவில்லை.

இந்த முறை ஆயத்தம்.
பஸ் ஸ்டாண்ட் பாமசியில் நீலக் குளிசை ஒன்று.
வாங்கப் போனவன் றபாய்தீன்.
கவுண்டரில் நின்ற பிள்ளை அவனுடைய மச்சினன் மகள்.
"பிரஷருக்கு, பிரஷருக்கு" என்று சொல்லிச் சொல்லி
உண்மையாகவே பிரஷர் ஏறி வந்தான்.

ஒன்றரை மணி. கடல் கத்துகிறது.
நானும் அவனும் ரேடியோவைக் கூட்டுகிறோம்,
குறைக்கிறோம்,
அதிகமாய்க் குறைக்கிறோம்.
அப்போது
பலகை முறிகிற சத்தம்.
வாசலில் படுத்திருந்த மான் எழும்பி ஓடியது.

கதவில் சுகிர்தமலர். நைட்டி உள்பக்கம் வெளியே.
"சுத்தியல் இருக்கா?"
பிறகு, கேட்காமலே:
"பதினொரு வருசம் மாளிகையில கட்டில் விரிச்சனான்.
இந்த மனுசன் மூலை மடிச்சிருக்கிற வடிவைப் பாருங்கோ.
முதல் அரைமணித்தியாலம் அதைத்தான் திருத்தினது.
அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
விரிப்பை இழுத்து, உதறி, திரும்ப இழுத்து..."
நிறுத்தினாள்.
றபாய்தீன் பல்லியைப் பார்த்தான்.
முகட்டில் பல்லி இல்லை.

உள்ளேயிருந்து சீலன் கத்தினான்:
"குளிசை இன்னும் போடவே இல்லையடா!"

கட்டிலுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து
வருடக்கணக்காகச் சமாளித்தவன் அவனேதான்.
காலையில் கொப்பியில் எழுதினேன்:
ஏழாம் அறை. கட்டிற்கால் முறிவு.
காரணம்: பாவனை.
முதலாளி நாலாயிரம் வெட்டினார்,
மூன்று சம்பளத்திலும் பிரித்து.

குளிசை என் மேசை லாச்சியில் கிடக்கிறது.
காலாவதி அடுத்த ஆவணி.
றபாய்தீன் நாளுக்கு இரண்டு தரம் வந்து
திகதியைப் பார்த்துவிட்டு லாச்சியை மூடுகிறான்.
நானும்தான்.