பல்லில்லாத மிஷின்

மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு,
ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.
கடைசியில் பெண்களைப் பற்றியும் ஒரு வரி வரும்.
சொல்பவனின் மூக்கை ஒருமுறை பார்த்துவிட்டுப்
பேசாமல் போய்விடுவேன்.
போன மாதம் நானே ஒன்று சேர்த்தேன்:
பல்லில்லாத மிஷின்.

கையேட்டில் பதினேழாம் பக்கம்.
பின்னாலிருக்கும் நெம்புகோலைத் தள்ளினால்
ஊசித் தட்டுக்கு அடியில் இரண்டு வரிசைப் பற்களும்
பூனை நகத்தை உள்ளிழுப்பதுபோல் இறங்கிவிடும்.
இனி துணியை யாரும் இழுத்துப் போக மாட்டார்கள்.
கை நகர்ந்தால் தையல்.
நின்றால் முடிச்சு.

பகலில் எனக்கு ராணிப்பேட்டை, ஷூவின் மேல்தோல்.
ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர்,
அங்குலத்துக்குப் பத்துத் தையல்.
கிருபாகரன் இரும்பு ஸ்கேலோடு வருவார்.
பதினோரு வருஷத்தில்
கோடு கோணலென்று ஒரு ஜோடிகூடத் திரும்பியதில்லை.
(ஒன்று திரும்பியது. அன்று காய்ச்சல்.)

இந்த ஒட்டுப்போர்வை ஞாயிற்றுக்கிழமைகளில் வளர்ந்தது.
அறுபத்து மூன்று சதுரம்:
ஜரீனா தந்த சுடிதார் மிச்சம், பச்சை;
தம்பி மகனின் காக்கி டவுசர்;
என் கல்யாணப் பட்டில் கறை படாத பாகம்.
நடுவில் பழைய ஃபிளானல்,
அடியில் குடியாத்தம் லுங்கி இரண்டு.
நூற்றுப் பத்து ஊக்கு குத்தி
மூன்றையும் ஒன்றாகப் பிடித்துவைத்தேன்.

"இந்த ஊர் வெயிலுக்கு யாருக்குடி போர்வை?" என்றாள் ஜரீனா.
மார்கழி என்று ஒன்று இருக்கிறதே என்றேன்.
"மூணு நாள்," என்றாள்.

லாங் பஜாரில் அந்த வட்டக் கால் கேட்டபோது
"ரவிக்கையில் பூப்போடவா?" என்றார் கடைக்காரர்.
இல்லை, கிறுக்க.
எண்பது ரூபாய்.

தலையணை உறையில் பழகினேன்.
'அ' போட்டேன், நண்டு வந்தது.
என் பெயரெழுதினேன், பாதியில் நூல் அறுந்தது.
திருப்பினால் அடியில் குருவிக்கூடு.
கால் முந்தினால் எறும்பு வரிசை,
கை முந்தினால் தவளைப் பாய்ச்சல்.
இத்தனை வருஷம் பற்களுக்குப் பின்னாலேயே போன கைகள்,
முன்னால் போ என்றால்
எங்கே என்று கேட்கின்றன.

பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையின்
விரல்களை மட்டும் வெட்டி மாட்டிக்கொண்டேன்.
போர்வை கனத்துச் சரிந்து இழுத்தது,
ஒரு முனையைத் தோளில் போட்டேன்,
தூங்கும் பிள்ளையைப் போல.

விதி ஒன்றுதான்:
கோடு தன்னைத் தானே வெட்டக் கூடாது.
நெருங்கி, தொடாமல், திரும்ப வேண்டும்.
ஆற்காட்டுப் பாலத்தில் பஸ் ஏறும்போது
ஜன்னல் வழியே பார்த்ததுதான்:
தண்ணீர் எப்போதோ போன வழியை
மணல் இன்னும் மறக்கவில்லை.

நேற்று, நாலாவது வரிசையில்,
கை கேட்பதை நிறுத்தியது.
காக்கியிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து பட்டுக்கு
அனுமதி இல்லாமல் தாண்டிப் போனது கோடு.
பட்டில் மட்டும் நின்றுவிட்டேன்.
முடிச்சு.
பிரிக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.
ஊசி துணிக்குள்ளே, நான் இருட்டுக்குள்ளே,
கையெடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
கொசுவை அடிக்கத்தான் ஒரு கை போனது.
விளக்கு வந்து மிதித்தபோது
கோடு ஒரு விரற்கடை தள்ளி ஆரம்பித்திருந்தது.
அதுவும் இருக்கட்டும்.

இரண்டு மணிக்கு ஊக்குகளை எண்ணி டப்பாவில் போட்டேன்.
நூற்றொன்பது.
தடவித் தடவிப் பார்த்தேன்.
ஓரம் மடிக்காத போர்வைமேல் அப்படியே படுத்தேன்.

காலையில் கேட்டருகே கிருபாகரன்
என் கன்னத்தையே பார்த்தார்,
ராத்திரி முழுக்க அழுந்திய வளைகோட்டை.
"என்னம்மா அது?"
"ஆறு," என்றேன்.
"ஆறு மில்லியா?" என்றார்.
கைகூட பையிலிருந்த ஸ்கேலைத் தொட்டது.

மிச்சமிருக்கும் அந்த ஒரு ஊக்கு
எந்தச் சதுரத்துக்குள் இருக்கிறதோ.
குத்தும்போது தெரியும்.