காதுக் குறி

வியாழன் உபவாசம். வெள்ளி, கேள்வி நாள்.
லூயிஸ் தீவில் திருவிருந்து வாரம்
எங்களுக்கு இப்படித்தான்.
மெய் விசுவாசிக்கு என்ன அடையாளம் என்று
வெள்ளியன்று ஆண்கள் எழுந்து சொல்லவேண்டும்.
பெண்கள் கேட்டுக்கொண்டிருப்போம்.

பாவம் அவனுக்குக் குமட்டும், என்றார் மூப்பர் ருவாரி.
யாரும் பார்க்காத இடத்தில் அழுவான், என்றார்
படகுத்துறைச் சீட்டுக்காரர்.
யூயன் தொண்டையைச் செருமிக்கொண்டு
சகோதரரிடம் அன்பு, என்றார்.
அப்போதும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.
வேலி ஆறடி தள்ளி நின்ற நாளிலிருந்து
ஒன்பது வருஷமாகத் திரும்பியதில்லை.

கடைசி வரிசையில் என் கணவர் தோர்மத்,
தொப்பியை முழங்காலில் கவிழ்த்தபடி.
மேசைக்குப் போகாதவரை
இந்த நாளில் பேச அழைக்கமாட்டார்கள்.
அறுபத்தொரு வயதுக்கு ஒருமுறைகூட அவர் போகவில்லை.
"உள்ளே தேடிப் பார்த்தேன், மார்சலி.
ஒன்றும் கிடைக்கவில்லை."
வருஷத்துக்கு இரண்டு தடவை இதே பேச்சு,
சாவியைத் தொலைத்தவர்
சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பதுபோல.

நான் பத்தொன்பதில் போனேன்.
வெள்ளைத் துணி விரித்த மேசையில்
என் இடம் எனக்குத் தெரியும்,
தினம் ஏறும் பேருந்தில்
என் இருக்கை தெரிவதுபோல.

அன்றிரவு மழை படுத்துக்கொண்டு பெய்தது.
சதுப்புக்குள்ளிருந்து ஒரு கத்தல்.
டார்ச் பாதி வழியில் செத்துப்போனது.
அவர் இடுப்புவரை சேற்றில் இறங்கினார்.
கரையில் நான், கயிற்றின் மறுமுனை.

இருட்டில் அவர் கை
ஆட்டின் நெற்றியைத் தடவி, காதுக்குப் போனது.
இங்கே ஆட்டுக்கு முகவரி காதில்தான்.
எங்களுடையதற்கு நுனி வெட்டு.
யூயனுடையதற்கு வலக்காதில் இரட்டைப் பிளவு.
விரல்கள் அங்கேயே நின்றன என்பது
கயிற்றின் வழியாக எனக்குத் தெரிந்தது.

"யாருது?" என்றேன்.
பதில் வரும் முன்பே என் கை தளர்ந்தது.
மறைக்க என்ன இருக்கிறது? தளர்ந்தது.
கயிறு ஒரு முழம் நழுவி
உள்ளங்கையைச் சுட்டது.

"இழு," என்றார்.

ஆட்டைத் தோளில் போட்டு
ஒன்பது வருஷ வேலியைத் தாண்டிப் போனார்.
யூயன் காலுறையோடு கதவைத் திறந்தார்.
இருவரும் ஆட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள்.
பின்னங்கால் சரியாக இருக்கிறது.
சூடாக ஏதாவது கொடு.
அவ்வளவுதான்.

வீட்டில் வெந்நீர் ஊற்றும்போது கேட்டேன்:
இது அடையாளம் இல்லையா?
அவருக்குப் புரியவில்லை.
"ஆடு கத்தியது," என்றார்.
சோப்பு நுரைக்குள் கொஞ்ச நேரம் கழித்து,
யாரிடமோ சொல்வதுபோல:
"பாவம், அதற்குத் தன் காதைப் பார்க்க முடியாது.
வெட்டியபோது வலித்தது மட்டும்
ஞாபகம் இருக்கும்."

எனக்குத் தூக்கம் வரவில்லை.
முப்பத்தெட்டு வருஷ அப்பத்தையும் ரசத்தையும்
ஒரு முழக் கயிற்றோடு
தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பக்கத்தில் நிச்சயமில்லாதவர்
குறட்டை விட்டார்.

சனிக்கிழமை, மேசைக்குப் போகிறவர்களுக்கு
ஈயவில்லை கொடுக்கும் நேரம்.
வரிசையில் நின்றேன்.
இரண்டு தடவை விலகினேன்,
எனக்குப் பின்னால் இருந்தவர்களை முன்னே விட்டேன்.
தோர்மத் வரவில்லை. அவர் வாசலில் நின்று
யூயனின் வண்டிச் சக்கரத்தைக்
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது.
ருவாரி அந்தச் சின்ன ஈயத்தை
சரியாக அந்தச் சிவப்புக் கோட்டின்மேல் வைத்தார்.
எரிந்தது.
இவ்வளவு கனமா இது, என்று இருந்தது.
பிச்சை வாங்கியவள்போல
இரண்டு கையாலும் மூடிக்கொண்டு
வெளியே வந்தேன்.