அப்போது கடல்

ஜனவரி. இரண்டரை மணிக்கே இருட்டு.
ஔலுவில் என் சமையலறை மேசைமேல்
மடிக்கணினி, ஆறிய காப்பி,
சரிபார்க்க நூற்றுப் பதினேழு இடங்கள்.

சம்பளமில்லாத வேலை.
ஊரார் பதிந்த பறவைக் கணக்கில்
இரட்டித்த இடங்களை ஒன்றாக்க வேண்டும்,
பூச்சியம் ஒன்று கூடிவிட்டால் விசாரிக்க வேண்டும்.
நாலாயிரம் வாத்தா, நானூறா?
கைதவறிவிட்டது என்பார்கள்.
சிலர் கோபித்துக்கொள்வார்கள்.

இன்று வெய்யோ லாம்ஸாவின் முறை.
"படகுத்துறை." "படகுத்துறை 2."
"படகுத்துறை, காற்றடிக்காத பக்கம்."
மூன்றையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.
பத்தே நிமிடத்தில் பதில்:
மூன்றாவதைத் தொடாதீர்கள்,
அங்கே மட்டும்தான் உட்கார முடியும்.

சரி.

அடுத்தது, வெண்வால் கழுகு இரண்டு.
ஊசி குத்தியிருப்பதோ நடுக்கடலில்,
கரைக்கு நான்கு கிலோமீட்டர் தள்ளி.
"நடந்துபோய்ப் பார்த்தது" என்று குறிப்பு வேறு.
கடல்மேல் நடந்தவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்,
அவர் பெயர் வெய்யோ இல்லை
என்று கிண்டலாக எழுதப்போய்
தேதியைப் பார்த்து விரல் நின்றது.
மார்ச் பதினொன்று.
உறைந்த கடலில் துளைபோட்டு மீன்பிடிக்கிறவர்கள்
எறிந்த குடலுக்குக் கழுகு வந்திருக்கும்.
நம் வரைபடத்துக்குக் கோடை மட்டும்தான் தெரியும்.

ஆனால் இதை எப்படி விடுவது:
1979 ஜூன். ஆலா அறுபது. "படகிலிருந்து."
பழைய நாட்குறிப்பைப் பார்த்துப் போன வாரம் ஏற்றியிருக்கிறார்.
ஊசி நிற்பது வில்லோப் புதருக்குள்,
கரையிலிருந்து இருநூறு மீட்டர் உள்ளே.
ஐயா, புதருக்குள் படகா?

இந்தமுறை பதில் வர இரண்டு நாள்.

"புள்ளி நகரவில்லை, அம்மணி. தரை எழுந்துவிட்டது.
ஆண்டுக்குச் சுண்டுவிரல் நகத்தின் அகலம்.
நான் நங்கூரம் போட்ட இடத்தில் இப்போது
ஹில்க்காவின் செம்மறிகள் மேய்கின்றன.
போன மே மாதம் அங்கே கதிர்க்குருவி பாடியது,
அதையும் அதே புள்ளியில்தான் பதிந்தேன்."

பள்ளியில் படித்ததுதான் எனக்கும்.
பனியுகத்தின் மூட்டையை இறக்கிவைத்த நிலம்
இன்னும் முதுகை நிமிர்த்திக்கொண்டிருக்கிறது.
பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கினேன்.
ஊசியைப் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை.

தவறான இடம், நகல், மறைக்க வேண்டியது:
மூன்று பொத்தான்கள். ஒன்றையும் அழுத்தாமல்
குறிப்பில் இரண்டு சொல் சேர்த்தேன்.
அப்போது கடல்.

அதன்பின் தூக்கம் வரவில்லை.
என் சொந்தப் பட்டியலைத் திறந்தேன்.
"வீடு": ஆயிரத்து நாற்பது பதிவுகள், ஒரே ஊசி.
இருபது வருடத்தில் மூன்று வீடு மாறியிருக்கிறேன்.
ஒவ்வொரு முறையும் ஊசியை மட்டும்
பெயர்த்துக் கூடவே கொண்டுவந்திருக்கிறேன்,
ஆற்றுக்கு அக்கரையில் பார்த்த பறவையெல்லாம்
இந்தத் தெருவுக்கு வந்துவிட்டன.

ஊரார் கணக்கை ஒன்றாக்குகிறவள்
என் கணக்கைப் பிரிக்க உட்கார்ந்தேன்.
முதல் வீடு சுலபம், தெருப்பெயர் போதும்.
இரண்டாவதற்கு
"ஒஸ்மோவின் வீடு" என்று அடித்தேன்.
அழித்தேன்.
எழுந்துபோய்க் காப்பியைக் கொட்டிவிட்டு வந்து
மறுபடி அடித்தேன்.
பட்டாணிக்குருவி, ஒன்பது.
தானியம் வைத்தது அவன்.