குளிர் ஆறும் அரை மணி

ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தாயிற்று.
குளிர் ஆற அரை மணி நேரம்.
சுடுநீரில் வைக்காதே, வெயிலில் வைக்காதே, குலுக்காதே.
பிறந்த பிள்ளைக்குக்கூட எனக்கு
இத்தனை 'காதே' யாரும் சொல்லித் தரவில்லை.

ஜெலுத்தோங் அடுக்ககம், பதினோராம் மாடி.
கீழே யாரோ மோட்டாரை உதைக்கிறார்கள். அது மறுக்கிறது.
காலையில் என் விரல்களும் அப்படித்தான்,
எட்டு மணிக்கு முன் எந்தப் பொத்தானுக்கும் இணங்காது.

பாயான் லெப்பாஸில் பதினேழு வருடம்
நுண்ணோக்கியின் கீழே
மயிரிழைக் கம்பி விலகியதைக் கண்டு சொன்னவள் நான்.
சொந்த மூட்டு விலகியதைக்
குணாளன்தான் முதலில் பார்த்தார்,
நாசி லெமாக் பொட்டலத்தின் ரப்பர் வளையத்தை
நான் பல்லால் இழுத்தபோது.

டாக்டர் சொன்ன கதை எல்லோருக்கும் சொல்வது:
காவலாளி குழம்பிப்போய்
வீட்டுக்காரரையே அடிக்கிறானாம்.
எனக்கு ஒட்டவில்லை.
எங்கள் பிளாக் காவலாளி பகதூர்
இரவெல்லாம் பூனைகளுக்குச் சோறு வைக்கிறவன்.

மருந்தகத்துச் சியூ லிங்தான் புரியவைத்தாள்,
பாதி மலாய், பாதி கையசைவு.
உடம்புக்குள் ஒருவன் தீ, தீ என்று
கத்திக்கொண்டே ஓடுகிறான்.
தீ இல்லை. ஆனாலும் எல்லோரும் வாளியோடு வருகிறார்கள்,
வீடு நனைந்தே இடிகிறது.
இந்த மருந்து
அந்த ஒருவனின் கையைப் பிடித்துக்கொள்ளும்.
விட்டால்?
"ஓடுவான், காக்."

உயிரணுவில் வளர்த்தெடுத்த மருந்து.
அதனால் குளிர் கேட்கிறது,
அதனால் விலையும் கேட்கிறது.
ஒன்று ஆயிரத்து நானூறு வெள்ளி, மாதம் இரண்டு.
என் சம்பளம் அந்த வாக்கியத்துக்குள்
உட்கார இடமில்லாமல் நின்றது.

முதல் மூன்று மாதம் நிறுவனத்தின் இலவசம்.
அந்த மூன்று மாதம் நான் தேங்காய் துருவினேன்.

காப்புறுதிக்காரர் 'முன்பே இருந்த நோய்' என்றார்.
எதற்கு முன்பே என்றேன்.
பேனாவை மூடினார்.

நாலாம் லைன் பெண்கள் போடும் சீட்டில்
ஃபரிடா தன் முறையை எனக்கு விட்டுத் தந்தாள்.
என்ன நோய் என்று கேட்கவில்லை.
பச்சை மைலோ பையில், பனிக்கட்டிக்கு நடுவே
ஊசியைப் பார்த்ததும்
"இளைக்கிற ஊசியா? எனக்கும் ஒன்று" என்றாள்.
ஆமாம் என்றேன்.
இளைப்பது எது என்று சொல்லவில்லை.

பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அப்புறம் நான் நாளை இழுத்தேன்.
பதினான்கை இருபதாக்கினேன், இருபதை இருபத்தேழாக.
குழம்பில் தண்ணீர் ஊற்றுவதுபோல
நாள்காட்டியில் நாள் ஊற்றினேன்.
காலி ஊசி ஒன்றையே இரண்டு முறை
குணாளனிடம் காட்டி, போட்டாயிற்று என்றேன்.
இரத்தத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.
அறிக்கையைப் படித்த டாக்டர் மஸ்லினா
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
"எத்தனை நாளுக்கு ஒன்று?" என்றார்.
திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

இது புதியது, வேறு நிறுவனம்.
விலை பாதிக்கும் கீழே, அறுநூறு.
போலியா என்றேன்.
போலி இல்லை, போல.
இரண்டுக்கும் நடுவே
லகரத்தின் தலையில் ஒரு சுழி.
அந்தச் சுழிக்கு எண்ணூறு வெள்ளி கொடுத்துவந்திருக்கிறேன்.
பழையதன் மூடி ஊதா, இதன் மூடி சாம்பல்.
ஊதாவை விட்டதில் கொஞ்சம் வருத்தம்கூட இருக்கிறது,
சிரிக்காதீர்கள்.

அறுநூறும் எங்கிருந்து என்பதை
நாங்கள் இன்னும் பேசவில்லை.
அரை மணி அதற்குப் போதாது.

தொடையைத் துடைத்து, அழுத்தி, ஒரு சொடுக்கு.
பத்து எண்ண வேண்டும்.
பழைய கணக்கில் நொடிக்கு நூற்று நாற்பது,
இப்போது அறுபது.
கீழே இன்னும் அந்த மோட்டாரை உதைக்கிறார்கள்.
குணாளன் எண்ணுகிறார், அவசரமாக.
மெதுவா, என்கிறேன்.
எட்டில் நின்று
"ஏழு சொன்னேனா?" என்கிறார்.