எண்ணிக்கை: ஒன்று

இலை உதிராத ஊர் இது.
ஐப்பசி வந்துவிட்டதென்று
காலி வீதி மின்கம்பியில்
தகைவிலான்கள் வந்திருந்து சொல்லும்.
நேற்று மூன்று.
இன்று எண்ணி முடிக்குமுன்
நூறாம் இலக்க பஸ் குறுக்கே வந்துவிட்டது.

ஐந்தே முக்காலுக்குப் பேரே வாவி.
பச்சைத் தண்ணீர், அதன் வாசம்.
அன்ன வடிவ மிதிபடகுகள்
சங்கிலியில் கிடக்கின்றன.
ஸில்மியா அவற்றையும் விடுவதில்லை:
"அன்னம் பதினொன்று. அசைவில்லை."
மழைமரத்து உச்சியிலிருந்து
ஒரு கூழைக்கடா
கடன் கேட்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல்
எங்களைப் பார்த்தது.

தலங்கமைக் குளத்தில் வெயில் ஏறியிருந்தது.
தாழைக்கோழிகள் ஒவ்வொரு காலாய்த் தூக்கி
யாரோ இப்போதுதான் துடைத்த தரையில்
நடப்பதுபோல் நடந்தன.
நீளவால் இலைக்கோழிக்கு
இந்த மாதம் நீளவால் இல்லை.
பெயரை மட்டும் வைத்துக்கொண்டு
தாமரை இலைமேல் போகிறது.
மீசை ஆலாவுக்கு மீசையும் இல்லை.
"எல்லாவற்றையும் வடக்கிலேயே
கழற்றி வைத்துவிட்டு வருகுதுகள்" என்றாள்.
நானும் அப்படித்தான்
என்று சொல்ல வாயெடுத்து
தேத்தண்ணீர் குடித்தேன்.

தியவன்னாவில் இரண்டு மணி.
ஒரு பொலிஸ்காரர்.
அடையாள அட்டையில்
பிறந்த இடம் என்ற வரியில்
அவர் கண் சற்று இருந்து எழுந்தது.
கொப்பியை வாங்கினார்.
தமிழில் இருபத்திரண்டு வரிகள்,
ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் எண்.
"இது என்ன கணக்கு?"
பாராளுமன்றம் தண்ணீரில்
தலைகீழாய் ஆடிக்கொண்டிருந்தது.
ஸில்மியா விரல் வைத்து
சிங்களத்தில் வாசித்தாள்:
கித்தலா, ஒன்பது.
வெஹிலிஹினியா, நாற்பது, தோராயமாக.
தோராயத்தில்தான் அவருக்குச் சந்தேகம்.
"ஏன் சரியாக எண்ணவில்லை?"
பறந்துவிட்டன, சேர்.
தொலைநோக்கியை வாங்கி
மறுபக்கத்தால் பார்த்தார்.
"எல்லாம் தூரமாய்ப் போகுதே" என்றார்.
திருத்திக் கொடுக்க
எங்கள் இருவருக்கும் துணிவில்லை.
சரி, போங்கள்.

பஸ்ஸில் என் கை நடுங்கியதை
அவள் பார்க்காததுபோல்
யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.
இந்தக் கருவியின் பெயரை
வீட்டுக்குள்ளேயே குரல் தாழ்த்திச் சொன்ன வருடங்களை
நான் அவளுக்குச் சொன்னதில்லை.
அவளுக்கும் ஒரு வருடம் இருக்கிறது.
அவளும் சொன்னதில்லை.
பொரளையில் மழை பிடித்தது.
ஆலா எந்தப் பக்கம் திரும்பிப் போனது
என்பது மட்டும்
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.
அந்த எண்ணுக்குப் பக்கத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டேன்.

வெள்ளவத்தை. நனைந்த செருப்போடு
மாடிக்கட்டடத்தின் வாசலில் ஏறுகிறேன்.
காவல் மேசையிலிருந்து செபமாலை அண்ணை
ஒரு பிஸ்கட் பெட்டியை
இரண்டு கையாலும் நீட்டினார்.
"மிஸ், அந்தக் குருவிக்காரர் நீங்கள்தானே?
கீழ்க் கண்ணாடியில் அடிபட்டு விழுந்தது.
பூனை வரமுதல் எடுத்தேன்."

ஒரு விரல் அளவுக்குத் திறந்தேன்.
பச்சை முதுகு.
கண்ணை மறைத்த கறுப்புப் பட்டை.
அடிவயிற்றில், வாலின் கீழ்,
யாரோ ஒளித்துவைத்த சிவப்பு.
ஆறுமணிக்குருவி.
எத்தனை வருடம்
குரலை மட்டும் கேட்டு
புதர் புதராய்க் குனிந்திருக்கிறேன்.
இமயத்து அடிவாரக் காடொன்றில் கிளம்பி,
இரவு இரவாய்ப் பறந்து,
கடல் தாண்டி,
துடைத்து வைத்த ஒரு கண்ணாடிக்கு
வந்து சேர்ந்திருக்கிறது.

சுவரில் ஆறு பத்து.
அது கத்தவில்லை.
அட்டை அசையும் அளவுக்கு மூச்சு மட்டும்.

கொப்பியில் இடம் என்ற கட்டத்தில்
மின்தூக்கிக்குப் பக்கம் என்று எழுதினேன்.
எண்ணிக்கை: ஒன்று.
தோராயமில்லை.

செபமாலை அண்ணை
சாவியால்
மூடியில் இன்னொரு ஓட்டை போட்டார்.