ஆறரை இஞ்ச்

இருபத்திரண்டு வருசமாகத் தண்ணீர் எடுக்கிறேன்,
திருச்செங்கோட்டு ரிக் வண்டியில்.
ராய்ப்பூர், ராஞ்சி, பாலைவனத்துப் பார்மேர்,
ஊர் எதுவானாலும் எனக்கு ஓட்டை ஒன்றுதான்:
ஆறரை இஞ்ச்.

ஆழம் என்பது ராடு கணக்கு.
ஒரு ராடு இருபது அடி.
முப்பது ராடு இறக்கினால் அறுநூறு.
அவ்வளவு கீழே பாறையா, மண்ணா, பிளவா என்று
லீவரைப் பிடித்த உள்ளங்கை சொல்லிவிடும்.
புழுதி வெள்ளையாக வரும். அப்புறம் சாம்பல்.
அது ஈரம் பட்டு நிறம் மாறும்போதே
ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வேன்.
ஊத்து பீறிடும். பையன்கள் நனைந்து கூத்தாடுவார்கள்.
நிலத்துக்காரர் தேங்காய் உடைப்பார்.
என் சட்டையில் ஒரு துளி இருக்காது.
செங்கோட்டுவேல் அண்ணன் கெட்டிக்காரர் என்பார்கள்.

கெட்டிக்காரத்தனம் இல்லைங்க. பயம்.

போன பங்குனியில், ராஞ்சிக்கு மேற்கே,
குளிக்கப் போன குளத்தில் புதுப் பையன் வழுக்கினான்.
பெயர் சுக்ரா.
சமையல்காரன் குதித்தான். டிரைவர் குதித்தார்.
நான் கரையில்
துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பையன் பிழைத்தான். இருமினான், சிரித்தான்,
அந்தத் துண்டாலேயே தலை துவட்டினான்.
அன்றைக்கு யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாளும்.

ஐப்பசி மழைக்கு வண்டிகள் ஷெட்டுக்குத் திரும்பின.
மைனாவதியிடம் சொன்னேன்.
பள்ளிபாளையத்துக்காரி,
காவிரியில் எருமையோடு மல்லுக்கட்டி வளர்ந்தவள்.
சிரிக்கவில்லை.
காலி எண்ணெய்க் கேன் இரண்டை எடுத்துவந்து
கடலை எண்ணெய் வாசம் போகக் கழுவி
மூடியை இறுக்கித் திருகினாள்.

மோளிப்பள்ளிப் பக்கம் அவள் சித்தப்பா தோட்டத்துக் கிணறு.
நாற்பதடி ஆழம்.

இரண்டே ராடு.

முதல் ஞாயிறு மூன்றாம் படி வரைக்கும்.
இரண்டாம் ஞாயிறும் மூன்றாம் படி வரைக்கும்.
அதற்கடுத்த ஞாயிறு, நாலாம் படியில் பாசி என்று
வாதாடிவிட்டு வீடு வந்தோம்.
எட்டு வயசுப் பொடிசுகள் மேட்டிலிருந்து
என் தலைக்கு மேலே பறந்து விழுந்தன.
"மாமா, அக்கட்டால போங்கொ, நாங்க குதிக்கோணும்."

அக்கட்டால எங்கே போவது?

ஒருநாள் போனேன்.
முதுகில் கேன், கயிற்றின் நுனி அவள் கையில்.
கால் படியை விட்டதா
படி காலை விட்டதா, தெரியாது.
வாய்க்குள் கிணறு.
பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று கை துழாவியது,
லீவர், கைப்பிடி, கம்பி, ஒரு மயிர்க்கற்றையாவது.
அழுத்தினால் இறங்கும் என்பது ஒன்றுதான்
எனக்குத் தெரிந்த தொழில்.
அழுத்தினேன். இறங்கினேன்.
"கையை உட்டுருங்கொ" என்று மேலே அவள் குரல்,
"உட்டுருங்கொ, தன்னால தூக்கும்."
கை அலுத்துப்போய்த்தான் விட்டேன்,
புத்தி வந்து அல்ல.

கண்ணைத் திறந்தால்
சதுரமாக வானம், ஓரத்தில் ஒரு தென்னங்கீற்று.
என் வயிறு எனக்கு முன்னால் மிதந்தது
வேறு யாருடையதோ போல.

இப்போது கேன் ஒன்றாகிவிட்டது.
தெற்கு மூலைக்கு, மோட்டார் இறங்கும் இடத்துக்கு,
இன்னும் போவதில்லை.
அங்கே தண்ணீர் கறுப்பாக இருக்கிறது.

மார்கழியில் வண்டி கிளம்பியது. இந்த முறை ஒடிசா.
சீட்டுக்கடியில் கேனைத் திணிப்பதைப் பார்த்து
"டீசலுக்காண்ணா?" என்றான் கிளீனர்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சங்ககிரி தாண்டுகிற வரைக்கும் அது உறுத்தியது.
டீசலுக்கு இல்லைடா, என்றேன்.
எனக்கு.